செய்தவன் எங்கே நிற்கிறான்? தமிழ்த் திரைப்பாடல்களில் மனம் நொந்துகொள்ளும் குரல்

நம் திரைப்பாடல்களில் சோகப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. ஆனால், ‘இப்படிச் செய்துவிட்டேனே’ என்று ஒருவர் தன்னையே நொந்துகொள்ளும் உணர்வு வரிகளில் எப்படி வெளிப்படுகிறது, பிரிவுத் துயரத்திலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது, இன்றைய பாடல்களில் அது குறைந்துவிட்டதா என்பதுதான் கேள்வி. கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டிய விஷயம் இது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘வருந்துகிறேன்’ என்று நேராகச் சொல்லும் பாட்டு தமிழில் மிக அரிது. நடந்த செயலுக்கு எழுவாயாக யார் நிற்கிறார்கள், ‘நான்’ என்ற சொல் வரியின் எந்த இடத்தில் வருகிறது, எவ்வளவு நேரம் அது மறைந்து நிற்கிறது என்று கவனித்தால் அந்த உணர்வு பிடிபட்டுவிடும். சோகப் பாட்டில் ஓர் இழப்பும் இழந்தவரும் இருந்தால் போதும். மனம் நொந்துகொள்ளும் பாட்டுக்கு ஒரு செயலும் அதைச் செய்தவரும் வேண்டும். 1961-இல் வந்த ‘பாலும் பழமும்’ படத்தின் ‘போனால் போகட்டும் போடா’ மரணத்தைப் பற்றிய பெரிய பாட்டு. மனைவியை இழந்துவிட்டதாக நம்பும் மருத்துவர் பாடுவது. அதில் துயரம் உண்டு, தத்துவம் உண்டு, தன்மேல் பழி இல்லை. ஆகவே அதை இந்தப் பேச்சில் சேர்க்க மாட்டேன். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால், நாம் சோகப் பாட்டு என்று ஒரே கூடையில் போட்டுவைத்திருக்கும் பல பாட்டுகள் தாமாகவே பிரிந்து நிற்கும்.

இந்தக் குரல் சினிமாவோடு பிறந்ததன்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில், கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்ததைக் கண்ட பாண்டியன், ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்கிறான். கோவலன்மேல் சாட்டிய அதே சொல்லை எடுத்துத் தனக்குப் பெயராகச் சூட்டிக்கொள்கிறான். தமிழில் மனம் நொந்துகொள்வதன் உச்சம் இந்த நான்கு சொற்கள் என்பது என் எண்ணம். பொற்கொல்லன் சொன்னான், காவலர் கொன்றனர் என்று ஒதுங்கிக்கொள்ள அவனுக்கு வழி இருந்தது. அதை அவன் எடுத்துக்கொள்ளவில்லை.

பக்தி இலக்கியத்தில் இந்தக் குரல் வேறொரு வடிவம் எடுக்கிறது. திருவதிகையில் அப்பர் பாடிய முதல் பதிகம், ‘கூற்றாயினவாறு விலக்ககிலீர் கொடுமைபல செய்தன நான்அறியேன்’ என்று தொடங்குகிறது. செய்ததை ஒப்புக்கொள்கிறார், அறியாமல் செய்தேன் என்றும் சொல்கிறார். திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழி ‘வாடினேன் வாடி வருந்தினேன் மனத்தால்’ என்று தொடங்கி, கூடினேன், ஓடினேன் என்று தன் பழைய நாட்களை ஒவ்வொரு வினையாகச் சொல்லிக்கொண்டு போய், ‘கண்டுகொண்டேன்’ என்ற வினையில் வந்து நிற்கிறது. பட்டினத்தாரோ ‘கல்லாப் பிழையும் கருதாப் பிழையும்’ என்று பிழைகளைப் பட்டியலாகவே போட்டு, எல்லாவற்றையும் பொறுத்தருளும்படி கச்சி ஏகம்பனை வேண்டுகிறார். செய்தவன் தன்னைத் தானே பெயர் சொல்லிக் குறிப்பது, அறியாமையைச் சொல்வது, வினைகளை அடுக்கிச் சென்று ஒரு திருப்பத்தை எட்டுவது, பிழைகளைப் பட்டியலிடுவது ஆகியவை திரைப்பாடல் எழுதியவர்களின் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருந்தன. பட்டியலை மட்டும் அவர்கள் அநேகமாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் உண்டு, பின்னால் சொல்கிறேன்.

திரையில் இந்த உணர்வு முதலில் பெரிதாகக் கேட்டது மேடையிலிருந்து வந்த ஒரு படத்தில். 1954-இல் வெளியான ‘ரத்தக்கண்ணீர்’ திருவாரூர் கே. தங்கராசுவின் நாடகம். மனைவியைக் கைவிட்டு ஆடம்பரத்தில் மூழ்கி, தொழுநோய்க்கு ஆளாகித் தெருவுக்கு வந்துவிட்ட மோகனசுந்தரமாக எம்.ஆர். ராதா நடித்தார். ‘குற்றம் புரிந்தவன் வாழ்க்கையில் நிம்மதி கொள்வதென்பதேது’ என்று சி.எஸ். ஜெயராமன் பாட, அந்த இசைக்கு நடுவே ராதா தன் பேச்சுக் குரலில் குறுக்கிடுகிறார். பாட்டு வரி படர்க்கையில் இருப்பதைக் கவனியுங்கள். ‘குற்றம் புரிந்த நான்’ என்று வரவில்லை, ‘குற்றம் புரிந்தவன்’ என்று ஊருக்குப் பொதுவான நீதியாக வருகிறது. ஆனால் அந்த நீதியைக் கேட்டுக் கரகரத்த குரலில் பேசுகிறவன் குற்றம் புரிந்தவனேதான். பாட்டு தீர்ப்புச் சொல்கிறது, பேச்சு அந்தத் தீர்ப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறது. ஒரே மனிதனுக்குள் இருக்கும் நீதிபதியையும் குற்றவாளியையும் இரண்டு குரல்களாகப் பிரித்த இந்த உத்திக்கு இணையாக இன்னொன்று நம் சினிமாவில் எனக்குத் தென்படவில்லை.

அதற்கு ஓராண்டு முன்பு வந்த ‘தேவதாஸ்’ தமிழ்ப் படத்தில் கண்டசாலா பாடிய ‘துணிந்த பின் மனமே துயரம் கொள்ளாதே’ என்ற பாட்டும் நினைவில் வைக்க வேண்டியது. இதில் பாடுகிறவன் தன் மனத்தை முன்னிலையில் நிறுத்தி, துணிந்து ஒன்றைச் செய்துவிட்டாய், இனி ஏன் துயரப்படுகிறாய் என்று அதட்டுகிறான். ‘எண்ணித் துணிக கருமம்’ என்ற குறளின் எதிரொலி இதில் இருக்கிறது. அதைவிட நெருக்கமாக, ‘எற்றென்று இரங்குவ செய்யற்க’ என்ற 655-ஆம் குறளும் இருக்கிறது. ‘என்ன செய்துவிட்டேன்’ என்று பின்னால் இரங்க வேண்டிய காரியங்களைச் செய்யாதே, அப்படிச் செய்துவிட்டால் என்று தொடரும் அந்தக் குறளின் இரண்டாம் அடிக்கு, செய்துவிட்டு உட்கார்ந்து இரங்கிக்கொண்டிருக்காமை நன்று என்று பொருள் கொள்கிறார் பரிமேலழகர். தேவதாஸ் அந்த அறிவுரையைத் தனக்கே சொல்லிக்கொள்கிறான். அதன்படி நடக்க முடியாமல் குடித்தே அழிகிறான் என்பதால்தான் அந்த முதல் வரி கேட்கிறவர்களை இத்தனை வாட்டுகிறது.

இனி கண்ணதாசன். இந்த உணர்வை அவர் அளவுக்கு வேறு எந்தத் திரைக்கவிஞரும் எழுதியதில்லை. தன் சொந்தக் குறைகளைத் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியவர் என்பதால் இது இயல்பாக வந்தது என்று சொல்வதுண்டு. அது ஓரளவு உண்மையாக இருக்கலாம். ஆனாலும் வாழ்க்கையில் தவறு செய்துவிட்டால் மட்டும் நல்ல வரி வந்துவிடாது, கைத்திறனும் வேண்டும். அந்தத் திறனைப் பார்க்க 1962-இல் வந்த ‘ஆலயமணி’ படத்தின் ‘சட்டி சுட்டதடா கை விட்டதடா’ பாட்டை எடுத்துக்கொள்வோம். இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி, குரல் டி.எம். சௌந்தரராஜன், நடிப்பு சிவாஜி கணேசன். நண்பன்மேல் கொண்ட பொறாமை கொலை எண்ணம் வரைக்கும் இழுத்துச் சென்ற ஒரு மனிதன், கண் திறந்த பிறகு பாடுவது.

பல்லவியில் நான்கு வினைகள் வருகின்றன. சட்டி சுட்டது, கை விட்டது, புத்தி கெட்டது, நெஞ்சைத் தொட்டது. இவற்றில் ஒன்றுக்குக்கூட ‘நான்’ எழுவாய் கிடையாது. அடுப்பிலிருக்கும் சட்டியைத் துணியில்லாமல் பிடித்தவனுக்குத் தெரியும், சூடு உறைத்த அந்த நொடியில் கை தானாகவே விட்டுவிடும், விடலாமா வேண்டாமா என்று யோசிக்க நேரமிருக்காது. சட்டியைப் பிடித்தது யார் என்பதை மட்டும் வரி சொல்லவில்லை. தன் குற்றத்தை இன்னும் நேருக்கு நேர் பார்க்கத் துணியாத மனம் இப்படித்தான் பேசும். ‘கோபம் வந்துவிட்டது’, ‘வார்த்தை தவறிவிட்டது’, ‘கை நீண்டுவிட்டது’ என்று நாமும் அன்றாடம் இப்படித்தான் சொல்கிறோம்.

முதல் சரணத்தில் மனம் இரண்டாகப் பிரிகிறது. பாதியில் தெய்வம் இருந்து பார்த்துக்கொண்டிருந்ததாம், மீதியில் ‘மிருகம் இருந்து ஆட்டி வைத்ததடா’ என்கிறான். இங்கும் ஆட்டிவைத்தது மிருகம், ஆடியவன் தலையில் பழி இல்லை. தெய்வம் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தது என்பது கூர்ந்து கேட்க வேண்டிய இடம். நல்லது எது என்று தெரிந்த பாதி ஒன்று உள்ளே விழித்துத்தான் இருந்தது, தடுக்கத்தான் இல்லை. ‘நாலும் நடந்து முடிந்த பின்னால்’ நல்லது கெட்டது தெரிந்தது என்று பல்லவியில் சொன்னதை இந்தச் சரணம் மறுத்துவிடுகிறது. அறியாமல் செய்தேன் என்று அப்பரைப் போல் இவனால் சொல்ல முடியாது. கடைசிச் சரணத்தில்தான் அந்தச் சொல் வருகிறது: ‘நான் இதயத் தோலை உரித்துப் பார்க்க ஞானம் வந்ததடா.’ பாட்டு முழுவதும் ஒளிந்திருந்த ‘நான்’ உரித்தல் என்ற வலி மிகுந்த செயலுக்கு எழுவாயாக வெளிப்படுகிறது. அதற்குப் பிறகுதான் ஞானம் வருகிறது, அமைதி வருகிறது. ஆழ்வாரின் ‘கண்டுகொண்டேன்’ நிற்கும் அதே இடம். சரணம் முடிந்து மீண்டும் பல்லவி வரும்போது சொற்கள் மாறவில்லை, ஆனால் சட்டியைப் பிடித்தவன் யார் என்பது இப்போது நமக்கும் தெரிகிறது, அவனுக்கும் தெரிகிறது.

இங்கே பாட்டின் வடிவத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். செய்த தவற்றை நினைத்து வருந்துகிறவர் நடந்த அந்த ஒரு கணத்துக்கே திரும்பத் திரும்பப் போகிறார். எத்தனை வழியாக யோசித்தாலும் வந்து சேரும் இடம் ஒன்றுதான். பல்லவி, சரணம், மீண்டும் பல்லவி என்ற திரைப்பாடலின் அமைப்பு இந்த மனநிலைக்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. மற்றப் பாட்டுகளில் பல்லவி திரும்பி வருவது காதுக்கு இனிமை. இந்த வகைப் பாட்டுகளில் அது பொருளின் பகுதி. நல்ல கவிஞர் ஒவ்வொரு சரணத்திலும் பல்லவியின் பொருளைச் சற்று நகர்த்துவார். சாதாரணக் கவிஞர் அதே புலம்பலை மூன்று முறை எழுதுவார்.

இதே கவிஞர் 1964-இல் ‘புதிய பறவை’ படத்துக்கு எழுதிய ‘எங்கே நிம்மதி’ இன்னும் சிக்கலானது. படத்தின் கதைநாயகன் கோபால் தன் முதல் மனைவி எப்படி இறந்தாள் என்பதை மறைத்து வைத்திருக்கிறான். அவன் அறைந்ததில்தான் அவள் இறந்தாள், உடலைத் தண்டவாளத்தில் போட்டுவிட்டு வந்தான் என்ற உண்மை படத்தின் முடிவில்தான் அவன் வாயிலிருந்து வரும். பாட்டோ அதற்கு முன்பே வந்துவிடுகிறது. ஆகவே அவன் மனம் வெந்துகொண்டிருப்பதைப் பாட்டு காட்டவும் வேண்டும், காரணத்தைச் சொல்லவும் கூடாது. கண்ணதாசன் என்ன செய்தார்? ‘எனது கைகள் மீட்டும்போது வீணை அழுகின்றது’ என்று எழுதினார். தழுவும்போது மலரும் சுடுகிறது என்று அடுத்து வருவதும் அதே கைகள்தான். முதல் முறை படம் பார்க்கிறவருக்கு இது அதிர்ஷ்டம் கெட்டவனின் புலம்பலாகத் தோன்றும், தொட்டதெல்லாம் துலங்காதவன் என்று இரக்கம் வரும். முடிவு தெரிந்த பிறகு மறுபடி கேட்டால், அவன் ஏன் கண்ணையோ நெஞ்சையோ விட்டுவிட்டுக் கைகளைப் பற்றியே பேசினான் என்பது புரிந்து உடல் சிலிர்க்கும். கொன்றது அந்தக் கைதான். அவன் மறைத்ததை வரி தன்னையறியாமல் சொல்லிவிட்டது.

அதே பாட்டில் அவன் கண்ணையும் பெண்ணையும் படைத்த இறைவனைக் கொடியவன் என்று ஏசுகிறான். குற்றத்தை ஒப்புக்கொள்ளாத வரைக்கும் பழியை எங்காவது இறக்கிவைத்துத்தானே ஆக வேண்டும்! ‘சட்டி சுட்டதடா’ பாட்டில் சாந்தி கிடைக்கிறது, ‘எங்கே நிம்மதி’ கேள்வியாகவே நின்றுவிடுகிறது. இரண்டு பாட்டிலும் ஒரே கவிஞர், ஒரே இசையமைப்பாளர்கள், ஒரே பாடகர், ஒரே நடிகர். வேறுபாடு ஒப்புக்கொள்ளலில் இருக்கிறது.

அதே 1964-இல் வந்த ‘கர்ணன்’ படத்தின் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ பாட்டைப் பலர் கர்ணனுக்கான இரங்கற்பாவாகவே கேட்கிறார்கள். சக்கரவாக ராகத்தில் சீர்காழி கோவிந்தராஜனின் கம்பீரமான குரல், அம்பு தைத்துச் சாய்ந்து கிடக்கும் சிவாஜி, அவரை நோக்கி வரும் கண்ணனாக என்.டி. ராமராவ். பாட்டைப் பாடுவது யார் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்கள். இந்த வீழ்ச்சிக்கு வழி வகுத்தவனே பாடுகிறான். ‘வஞ்சத்தில் வீழ்ந்தாயடா கர்ணா வஞ்சகன் கண்ணனடா’ என்ற அடியில் முதல் பாதி கர்ணனின் விதியைச் சொல்கிறது, இரண்டாம் பாதியில் சொல்கிறவன் தன் பெயரைப் படர்க்கையில் வைத்து அதன் முன்னால் ‘வஞ்சகன்’ என்ற சொல்லைச் சூட்டிக்கொள்கிறான். பாண்டியனின் ‘யானே கள்வன்’ இதுதான். அரசன் அங்கே சொன்னதை இங்கே கடவுளே சொல்கிறான். ‘நானும் உன் பழி கொண்டேனடா’ என்ற வரியில் படர்க்கையும் இல்லாமல், ‘நான்’ வந்துவிடுகிறது. தர்மம் வெல்ல வேண்டும் என்பதற்காகச் செய்ததுதானே என்ற நியாயம் கண்ணனிடம் இருந்தது. அந்த நியாயத்தைப் பாட்டில் ஓரிடத்திலும் அவன் வாயில் வைக்காதது கண்ணதாசனின் பெருந்தன்மை.

பட்டினத்தாரின் பிழைப் பட்டியல் ஏன் திரைப்பாடலுக்குள் வரவில்லை என்பதற்கு இப்போது வருகிறேன். திரைப்பாடல் ஒரு கதைக்குள் பிறக்கிறது. அவன் என்ன செய்தான் என்பதைக் காட்சி ஏற்கெனவே காட்டிவிட்டது. ஆகவே வரிக்கு அதைத் திரும்பச் சொல்ல வேண்டிய தேவையில்லை, செய்த பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பது மட்டுமே அதன் வேலை. இதன் விளைவு எதிர்பாராதது. இலங்கை வானொலியிலும் பிறகு ஒலிநாடாவிலும் அந்தப் பாட்டு படத்தைவிட்டுத் தனியாக வந்தபோது, செயல் கதையோடு நின்றுவிட்டது, வருத்தம் மட்டும் வரியோடு வந்தது. ‘ஆலயமணி’ நாயகன் தியாகராஜனின் பொறாமையைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கூடச் ‘சட்டி சுட்டதடா’ கேட்டுக்கொண்டே தன் வாழ்க்கையில் தான் பிடித்த சட்டியை நினைத்துக்கொள்ளலாம். இந்தப் பாட்டுகள் அறுபது ஆண்டுகள் நிலைத்ததற்கு அவற்றில் சொல்லாமல் விட்டதும் ஒரு காரணம்.

தவறே செய்யாதவனுக்கும் மனம் நொந்துகொள்ளும் வேளை உண்டு. வாழ்க்கையை வாழாமல் விட்டுவிட்டோம் என்ற வருத்தம் அது, கடமைக்காகச் சொன்ன ஒரு ‘சரி’யால் முப்பது ஆண்டுகள் போய்விட்டதே என்ற வருத்தம். அதற்கு 1985-இல் ‘முதல் மரியாதை’ படத்தில் வைரமுத்து எழுதி, இளையராஜா இசையில் மலேசியா வாசுதேவனும் எஸ். ஜானகியும் பாடிய ‘பூங்காத்து திரும்புமா’ பாட்டைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஊரே மதிக்கும் பெரியவர், வீட்டுக்குள் ஒரு நல்ல சொல் கேட்காதவர். அவருடைய வருத்தம் ஊர்ப் பேச்சிலேயே வருகிறது: ‘மெத்த வாங்குனேன் தூக்கத்த வாங்கல.’ வாங்கியதும் வாங்காததும் என்று இரண்டே வினைகள், கணக்குப் பார்ப்பது போன்ற சாதாரணத் தொனி. இலக்கணத் தமிழில் எழுதியிருந்தால் இந்த வரி பழமொழியாக இறுகிப் போயிருக்கும், வட்டார வழக்கு அதை ஒரு மனிதர் பெருமூச்சோடு சொல்வதாக வைத்திருக்கிறது. எதிர்க்குரலாக ஜானகி ‘ராசாவே வருத்தமா’ என்று கேட்கிறார். மனம் நொந்துகொள்கிறவர் தமிழ்ப் பாட்டில் பெரும்பாலும் தனியாகவே நிற்கிறார். இங்கே அவரைக் கேட்கவும், திருப்பிக் கேள்வி கேட்டுத் தேற்றவும் இன்னொரு குரல் இருக்கிறது. அந்தப் பாட்டு இவ்வளவு துயரத்திலும் கேட்கிறவரை அழுத்திவிடாமல் இருப்பதற்கு அந்த இரண்டாவது குரலே காரணம். இந்தப் படத்தின் பாடல்களுக்காக வைரமுத்துவுக்குத் தேசிய விருது கிடைத்தது.

‘திரும்புமா’ என்ற அந்த வினா ஈறு இந்த வகைப் பாட்டுகளில் அடிக்கடி வரும். ஆம், இல்லை என்று யாராவது பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஆனால் பதில் சொல்லக்கூடியவர் அங்கே இல்லை, அல்லது பதில் ஏற்கெனவே தெரியும். ‘வசந்த மாளிகை’யில் (1972) இறைவனிடம் இரண்டு மனம் கேட்பதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது. நடக்காது என்று தெரிந்தே கேட்கும் வேண்டுகோள்.

பெண்குரலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே ஒரு குறை இருக்கிறது. நம் திரைப்பாடல்களில் பெண் காத்திருப்பாள், ஏங்குவாள், கைவிட்டவனைப் பார்த்து நியாயம் கேட்பாள். ஆனால் ‘நான் இதைச் செய்தேன், இப்போது வருந்துகிறேன்’ என்று சொல்லும் உரிமை அவளுக்கு மிகச் சில பாட்டுகளிலேயே கிடைத்தது. செயல் இருந்தால்தானே செயலுக்கு வருந்த முடியும்! முடிவெடுக்கிறவளாகப் பெண்ணைப் படைக்காத கதையில் அவளுக்கு மனம் நொந்துகொள்ளும் பாட்டு எங்கிருந்து வரும்? இத்தனைக்கும் திரைக்கு வெளியே, இழவு வீட்டில் ஒப்பாரி பாடும் பெண்கள் ‘பாவி நான்’ என்று தங்களையே பழித்துக்கொள்ளும் வலுவான மரபு நம்மிடம் இருந்திருக்கிறது.

அதனால்தான் 2010-இல் ‘விண்ணைத்தாண்டி வருவாயா’ படத்துக்குத் தாமரை எழுதிய ‘மன்னிப்பாயா’ எனக்கு முக்கியமானதாகப் படுகிறது. ‘கடலினில் மீனாக இருந்தவள் நான்’ என்று ஷ்ரேயா கோஷாலின் குரலில் தொடங்கும் அந்தப் பாட்டில், இருந்தவள், கரை தாண்டி வந்தவள், திரும்பிவிட்டவள் எல்லாம் அவளேதான். யாரும் அவளைத் தூக்கிக் கரையில் போடவில்லை. ‘ஒருநாள் சிரித்தேன் மறுநாள் வெறுத்தேன்’ என்று தன்மை வினைகள் அடுத்தடுத்து வந்து, கொல்லாமல் கொன்றதை ஒப்புக்கொண்டு, பிறகே ‘மன்னிப்பாயா’ என்ற கேள்விக்கு வருகின்றன. செயலைச் சொல்லாமல் மன்னிப்பைக் கேட்கும் அவசரம் இதில் இல்லை.

ஏ.ஆர். ரகுமான் அந்தப் பாட்டுக்குள் மூன்று குறள்களைப் பாட வைத்திருக்கிறார். ‘அன்பிற்கும் உண்டோ அடைக்கும்தாழ்’, ‘அன்பிலார் எல்லாம் தமக்குரியர்’ இரண்டும் எல்லோருக்கும் தெரியும். மற்றொன்று நிறையழிதல் அதிகாரத்தின் 1259-ஆம் குறள்: ‘புலப்பல் எனச்சென்றேன் புல்லினேன் நெஞ்சம் கலத்தல் உறுவது கண்டு.’ ஊடுவேன் என்றுதான் போனேன், நெஞ்சு அவரோடு கலக்கத் தொடங்கியதைக் கண்டு தழுவிக்கொண்டுவிட்டேன் என்று தலைவி சொல்கிறாள். வேண்டாம் என்று விலகுவதும் விலக முடியாமல் திரும்புவதுமாகப் படம் முழுக்க அலையும் நாயகி ஜெஸ்ஸிக்கு இதைவிடப் பொருத்தமான குறளைத் தேடிப் பிடிக்க முடியாது. அழகுக்காக ஒட்டிவைத்த பழந்தமிழ் வரி என்று இதைச் சிலர் நினைப்பதுண்டு. சென்றேன், புல்லினேன் என்று குறளிலும் தன்மை வினைகளே இருப்பதைக் கேட்டால் அந்த எண்ணம் மாறும்.

நா. முத்துக்குமாரின் வழி வேறு. 2004-இல் ‘7ஜி ரெயின்போ காலனி’ படத்துக்கு அவர் எழுதிய ‘நினைத்து நினைத்துப் பார்த்தேன்’ பாட்டில் கேள்வி கேட்பவை பொருள்கள். இருவரும் உட்கார்ந்து பேசிய மரத்தின் நிழல் அவளைப் பற்றிக் கேட்கும், கொலுசொலியை அறைகள் கேட்கும், ‘எப்படிச் சொல்வேன்’ என்று இவன் திணறுகிறான். விபத்தில் போய்விட்டவளைப் பற்றிய பாட்டு என்பதால் இது பெரும்பாலும் துயரம்தான். ஆனால் பதில் சொல்லக் கடமைப்பட்டவனாக அவன் தன்னை நிறுத்திக்கொள்ளும் இடத்தில், அது மனம் நொந்துகொள்வதன் எல்லைக்குள் கால் வைத்துவிடுகிறது.

இன்றைய பாடல்களில் இந்த உணர்வு குறைந்துவிட்டதா என்ற கேள்விக்கு, ஒரு காலகட்டத்தில் குறைந்தது என்றே சொல்வேன். 2011-இல் ‘கொலவெறி’ பாட்டு பரவிய நாட்களில் ‘சூப் சாங்’ என்ற பெயரோடு ஒரு வகையே உருவானது. காதலில் தோற்ற ஆண், தோழர்கள் சூழ, மதுக்குவளையோடு, தோல்விக்கான பழியை முழுவதுமாகப் பெண்மேல் சுமத்திப் பாடுவது. அவற்றில் வேடிக்கை இருந்தது, துள்ளல் இருந்தது. ஆனால் ‘நான் என்ன செய்தேன்’ என்ற கேள்வி அந்தப் பாட்டுகளின் வாசலுக்கே வரவில்லை. அந்த அளவில் அவை தமிழ்ப் பாடலின் ஒரு பழைய நல்ல பழக்கத்தை மறந்தவை என்பது என் வருத்தம்.

தாய் தந்தையரைப் பற்றிய பாட்டுகளில் வேறொரு நழுவல் நடக்கிறது. பெற்றவர் இருக்கும்போது மதிக்காமல் இருந்துவிட்டுப் போன பிறகு அழும் மகனுக்கு நம் சினிமா பல பாட்டுகளைக் கொடுத்திருக்கிறது. 2013-இல் ‘கேடி பில்லா கில்லாடி ரங்கா’வில் வந்த ‘தெய்வங்கள் எல்லாம் தோற்றே போகும்’ கேட்டுக் கண் கலங்காதவர்கள் குறைவு. எனக்கும் பிடித்த பாட்டுதான். ஆனாலும் இந்த வகைப் பாட்டுகள் பெற்றவரின் பெருமையைச் சொல்லத் தொடங்கியதும், பிள்ளை செய்ததும் செய்யத் தவறியதும் பின்னால் போய்விடுகின்றன. வருத்தம் புகழ்மாலையாகிவிடுகிறது.

அந்த நழுவலைத் தவிர்த்த அண்மைக்காலப் பாட்டு என்று 2019-இல் ‘விஸ்வாசம்’ படத்துக்குத் தாமரை எழுதிய ‘கண்ணான கண்ணே’யைச் சொல்வேன். இமான் இசையில் சித் ஸ்ரீராம் பாடியது. தன்னைச் சுற்றியிருந்த வன்முறையால் மனைவியையும் மகளையும் பிரிந்த தகப்பன், பல ஆண்டுகளுக்குப் பிறகு மகளுக்குக் காவலாக வந்து நிற்கிறான், தான் யார் என்று அவளிடம் சொல்ல முடியாமல். அவன் மன்னிப்புக் கேட்க முடியாது, ஏனென்றால் கேட்டால் தான் யார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆகவே ‘மன்னிப்பாயா’ எழுதிய அதே கவிஞர் இங்கே அந்தச் சொல்லைத் தொடவே இல்லை. ‘என் மீது சாய வா’ என்று அழைக்கிறான், ‘புண்ணான நெஞ்சை’ அவள் கையால் நீவிவிடச் சொல்கிறான், ‘என் ஏக்கம் தீருமா’ என்று அந்தப் பழைய வினா ஈற்றில் கேட்கிறான். நெஞ்சு புண்ணானதைச் சொல்லும் வரி, புண் எப்படி வந்தது என்பதைச் சொல்லவில்லை. அது அவனுக்குத் தெரியும், படம் பார்க்கும் நமக்கும் தெரியும். பாட்டில் தெரியாதவள் மகள் மட்டும்தான், அவளை நோக்கித்தான் அவன் அத்தனையும் பாடுகிறான்.